பொறம்போக்குப் பாடலுக்குப் பிறகு எதைக் கேட்பது?

கத்திவாக்கத்தான்:

வணக்கம். எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கத்தில் வசிக்கிறேன். பாட்டு என்றாலே சினிமாப் பாட்டுதான் என்று நாற்பது வயது வரை இருந்துவிட்டவன் நான். சில மாதங்களுக்கு முன்பு, உடன் வேலை செய்யும் தம்பி ஒருவர் 'சென்னைப் பொறம்போக்குப் பாடல்' காணொளியைக் காட்டினார். 2017 பொங்கல் சமயத்தில் வெளிவந்ததாம். எனக்குத்தான் இத்தனை ஆண்டுகள் தெரியாமல் போயிருக்கிறது. நான் தினமும் பேருந்தில் கடந்து போகும் கழிமுகத்தையும் சாம்பல் படிந்த நிலத்தையும் பற்றி, எங்கள் தெருவில் பேசுகிற அதே மெட்ராஸ் தமிழில், டி.எம். கிருஷ்ணா கர்நாடக ராகங்களில் பாடுவதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றிரவு அதை ஏழெட்டு முறை கேட்டேன்.

அதன் பிறகு எங்கே போவது என்று தெரியவில்லை. செயலியில் எதைத் தேடினாலும் நான்காவது பாட்டில் மீண்டும் சினிமாவுக்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறது. சினிமாவைச் சாராத சுயாதீன இசையில் நான் எதைக் கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. என் அப்பா இளமையில் தண்டையார்பேட்டைப் பக்கம் இரவுக் கச்சேரிகளில் கானா பாடியவர். கானாவையும் ராக்கையும் கலந்து பாடும் குழு ஒன்றின் பாட்டைக் கைப்பேசியில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, "இதுல கிட்டார்தான் இருக்குது, மோளம் எங்கடா?" என்று கேட்டார். அவர் சொல்வது சரியா?

பெரம்பூர் ரசிகன்:

உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. செயலியின் பரிந்துரையை நம்பாதீர்கள். பாட்டின் கீழே எழுதியிருக்கும் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். பல வருடங்களாக நான் புதிய இசையைக் கண்டுபிடிப்பது இந்த ஒரே வழியில்தான். உங்களைச் சிலிர்க்க வைத்த அதே பாட்டிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

அந்தப் பாடலுக்கு இசையமைத்தவர் வயலின் வித்துவான் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். ஆனந்தபைரவியில் தொடங்கிச் சிந்துபைரவியில் முடியும் ராகமாலிகை அது. வரிகளை எழுதியவர் கபேர் வாசுகி. உங்கள் தெருவின் பேச்சு அதில் இருப்பதற்குக் காரணம் அவர்தான் என்பதால், அடுத்து அவருடைய சொந்தப் பாடல்களுக்குப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதைப் போலப் பாடுபவர். குரலை அழகுபடுத்திக் காட்டவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், சொல்லை நம்பிப் பாடுபவர். முதல் தடவை கேட்கும்போது 'இது என்ன, பாட்டா, பேச்சா' என்று தோன்றலாம். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒரு வரி உங்களோடு வேலைக்கு வந்துவிடும்.

கபேர் வாசுகியும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து இயங்கிய இசைக்குழு குரங்கன். அந்த டென்மாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' வந்துவிடும். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய, 19 கலைஞர்களைக் கொண்ட குழு. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. சாதியற்ற தமிழர் என்று சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த அடையாளத்திலிருந்து அந்தப் பெயர் எடுக்கப்பட்டது. அதுவரை கானா சினிமாவுக்குள் நுழைய வேண்டுமென்றால் நாயகனின் கொண்டாட்டத்துக்கோ குடிப்பாட்டுக்கோ உதவியாகத்தான் நுழைய முடிந்தது. இந்த மேடையில்தான் கானா பாடுபவர், பறை அடிப்பவர், ராப் பாடுபவர், கிட்டார் வாசிப்பவர் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்று, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே பாடினார்கள். என் கணக்கில், தமிழ்ச் சுயாதீன இசையை அந்த இரவுக்கு முன், பின் என்று பிரித்துவிடலாம்.

அந்தக் குழுவிலிருந்து இரண்டு கிளைகள் பிரியும். ஒன்று ராப் பாடகர் அறிவு. 'தெருக்குரல்' என்ற பெயரில் இசையமைப்பாளர் ஓஃப்ரோவுடன் 2019இல் அவர் வெளியிட்ட ஆல்பத்தை ஒரே மூச்சில் கேளுங்கள். அவருடைய 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் பெயரைத் தன் அடையாளமாக முன்னால் நிறுத்தும் ஒரு பாடகரை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இன்னொரு கிளை இசைவாணி. ராயபுரத்துப் பெண். ஆண்களே பாடிவந்த கானாவை மேடையேறிப் பாடியவர். பிபிசி 2020இல் வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். அவர் குரலில் ஒரு கரகரப்பு உண்டு. வரியின் கடைசிச் சொல்லை அவர் இழுத்து நிறுத்தும் இடத்தைக் கவனியுங்கள். கடற்கரையில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கூப்பிடுவது போல் இருக்கும்.

உங்கள் அப்பாவின் கேள்விக்கு என்னைவிடத் தகுதியானவர் ஒருவர் இங்கே இருக்கிறார். அவர் வந்து பதில் சொல்லட்டும்.

புளியந்தோப்பு கட்ட மோளம்:

கத்திவாக்கம் அண்ணாவுக்கு வணக்கம். என் தாத்தா, சித்தப்பா எல்லோரும் மோளக்காரர்கள். நானும் பத்து வயதிலிருந்து அடிக்கிறேன். உங்கள் அப்பா கேட்டது மிகச் சரியான கேள்வி. ஆனால் மோளம் காணாமல் போன இடம் பாட்டு அல்ல, உங்கள் கைப்பேசி.

எங்கள் கருவிகளில் சட்டி மோளம் கூர்மையாகப் பேசும். கட்ட மோளம் அடியில் நின்று முழங்கும். அந்த முழக்கத்தின் உடம்பு முழுவதும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. கைப்பேசியில் இருக்கும் சிறு ஸ்பீக்கரால் அந்த ஒலியை எழுப்பவே இயலாது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. அந்த அடி ஒலியும் அங்கே கேட்காது. மீதி இருப்பது கிட்டாரின் நடு ஒலியும் பாடுபவரின் குரலும் மட்டும்தான். அந்த மீதியைக் கேட்டுவிட்டுத்தான் அப்பா நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நல்ல பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் அவர் சொன்னதில் ஓர் உண்மையும் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. டிரம்ஸில் காலால் அடிக்கும் உதைமோளமும் கட்ட மோளமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஒலிப்பவை. மிக்ஸிங் செய்பவர் அவற்றில் ஒன்றை முன்னால் வைத்து மற்றொன்றைப் பின்னால் தள்ளித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து குழம்பிவிடும். பல ரெக்கார்டிங்குகளில் பின்னால் தள்ளப்படுவது எங்கள் மோளம்தான். ஒரு தடவை ஸ்டூடியோ ஒன்றில் பறை பதிவுக்குத் துணையாகப் போயிருந்தேன். வாசலில் காகிதத்தைக் கொளுத்தி, தோலை வாட்டி, விரலால் தட்டி, 'கிண்' என்று வந்ததும் ஓடிப்போய் மைக் முன்னால் நின்றோம். ஏசி குளிரில் சற்று நேரத்திலேயே தோல் தளர்ந்துவிட்டது. மீண்டும் வாசலுக்கு வந்து வாட்டுவதற்கு அங்கே இருந்தவர் சம்மதிக்கவில்லை; நேரமாகிறது, கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்றார். தளர்ந்த தோலின் ஒலியைக் கணினியில் எவ்வளவு உயர்த்தினாலும் அது சூடான தோலின் ஒலி ஆகாது. அந்தப் பாட்டை இன்று கேட்டாலும் எனக்கு மனம் சங்கடப்படுகிறது. வாட்டுவதற்கு நேரம் கொடுத்துப் பதிவுசெய்த பாட்டையும் கொடுக்காத பாட்டையும் உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் முதல் அடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மின்ட் தெரு வாசகி:

மேலே இருவரும் சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஆல்பங்களை வரிசையாகக் கேட்பதற்கு முன்பு, ஒரு தடவையாவது நேரில் கேட்டுவிடுங்கள். நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் டிசம்பர் மாதத்தில் நடத்திவரும் மார்கழியில் மக்களிசை நிகழ்ச்சியில் கானாவும் ஒப்பாரியும் பறையும் ஒரே மேடையில் வரும். சபாக்களில் கர்நாடகக் கச்சேரி நடக்கும் அதே மாதத்தில் அது நடக்கிறது என்பதே எனக்குப் பெரிய நிறைவு. கட்ட மோளத்தை நெஞ்சில் வாங்கிய பிறகு ஆல்பத்தைக் கேட்டால், ஸ்பீக்கர் விட்டுவிடும் இடத்தைக்கூட உங்கள் காது நிரப்பிக்கொள்ளும். அப்பாவையும் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

தமிழில்தான் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், ஆங்கிலத்தில் பாடும் நம் ஊர்க் குழுவான தி எஃப்16ஸையும் பின்னொரு நாள் கேட்டுப் பாருங்கள். முற்றிலும் வேறு சென்னை அது. எனக்கு அதுவும் வேண்டும்.

கத்திவாக்கத்தான்:

மூவருக்கும் நன்றி. கபேர் வாசுகியின் பாடல்களை இந்த வாரம் முழுவதும் ரயிலில் கேட்டேன். பெரம்பூர் நண்பர் சொன்னபடியே முதல் இரண்டு நாள் ஒன்றும் பிடிபடவில்லை. வியாழக்கிழமை விம்கோ நகரில் இறங்கும்போது ஒரு வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் பெரிய பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்து, அப்பாவைக் கூடத்தில் உட்கார வைத்து, காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டுகளை வரிசையாகப் போட்டேன். முதல் பாட்டு முழுவதும் அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது பாட்டில் மோளம் இறங்கியபோது நாற்காலியின் கைப்பிடியில் அவர் விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன. ஒரு பாட்டைக் குறிப்பிட்டு, "இது வாட்டாத தோலு" என்றார். புளியந்தோப்புத் தம்பி எழுதியதை நான் அதுவரை அவரிடம் சொல்லவே இல்லை.

இசைவாணியின் குரல் வந்ததும் ஒலியைக் கூட்டச் சொன்னார். பாட்டு முடிந்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால் இங்கே கேட்கச் சொல்கிறார்: கானாவில் பெண்கள் பாடியதைத் தன் காலத்தில் கேட்டதே இல்லையாம், இந்தப் பெண் தனியாகப் பாடிய பாட்டுகள் வேறு எவை என்று கேட்கிறார். மார்கழியில் நிச்சயம் வருவதாகவும் எழுதச் சொன்னார்.