வீட்டுக்குப் பின்னால் ஒயர் எரிக்கிறார்கள், சன்னலை மூடினால் போதுமா?

கேள்வி:
வடசென்னையில் இருக்கிறோம். பின்பக்கக் காலி மனையில் இரண்டு பேர் பழைய ஒயரைக் குவித்து எரித்துக் காப்பர் எடுக்கிறார்கள். சாயங்காலமானால் கரும்புகை, தொண்டை கரகரப்பு, கொடியில் காயும் துணியெல்லாம் கரி. அவர்களுக்கும் அதுதான் பிழைப்பு, சண்டை போட மனசு வரவில்லை. ஆனால் என் மகளுக்கு இரண்டு வயது, தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறாள்.

பதில் 1:
போதாது அக்கா. ஒயரின் மேலுறை பி.வி.சி. பிளாஸ்டிக், அதில் குளோரின் இருக்கிறது. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், தொண்டை அரிப்பது அதனால்தான். டையாக்சின் என்ற கொடிய நச்சும் உருவாகும், செம்பு கூடவே இருப்பதால் இன்னும் அதிகமாக. அது சாம்பலோடு மண்ணில் படிந்து, அங்கே கிளறும் கோழியின் முட்டைக்குள் போய்விடும். கானாவில் இப்படி ஒயர் எரித்துவந்த அக்பாக்பிளோஷி என்ற மின்கழிவுக் கிடங்கில் முட்டையைச் சோதித்து 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் அது எக்கச்சக்கமாக இருந்தது. அந்த மனையில் மேயும் கோழியின் முட்டையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

பதில் 2:
நான் காயலான் கடையில் ஆறு வருஷம் பழைய மின்சாதனங்களின் சர்க்யூட் போர்டு பிரித்தவன். புகை கண்ணுக்குத் தெரிகிறது, ஈயம் கலந்த தூசி தெரியாது. வேலை முடிந்து அதே சட்டையோடு பையனைத் தூக்குவேன், அவன் என் காலரைச் சப்பிக்கொண்டே தூங்குவான். அவன் ரத்தத்தில் ஈயம் பார்த்தபோது டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம். 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. சீனாவில் மின்கழிவு பிரிக்கும் ஊரான குய்யூவில் 2007-இல் வெளியான ஆய்வில் குழந்தைகளின் சராசரியே 15.3. ஈயம் மூளை வளர்ச்சியைத்தான் கெடுக்கும், அதுவும் சத்தமில்லாமல். செருப்பை வாசலிலேயே விடுங்கள், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், சாப்பாட்டுக்கு முன் பாப்பாவின் கையைக் கழுவுங்கள்.

பதில் 3:
அவர்களிடம் விலையைச் சொல்லிப் பேசுங்கள். எரித்த காப்பர் கறுத்துப்போகும், உரித்த காப்பருக்குத்தான் நல்ல விலை. தடித்த ஒயரை உரிக்கச் சின்ன மெஷினே இருக்கிறது. மெல்லிய ஒயரைத்தான் உரிக்கக் கட்டாது என்று எரிப்பார்கள், அதை எரிக்காமல் அரைத்துப் பிரிக்கும் ஆலைக்கு அப்படியே எடைக்குப் போடலாம். கேட்கவில்லையென்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுதிக் கொடுங்கள், குழந்தை இருக்கும் வீடு, தயங்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நாளைக்கே பேசுகிறேன். மகளுக்கும் ஈயம் பார்த்துவிடுகிறேன், ரத்தம் விரலில் எடுப்பார்களா, நரம்பிலா?

பதில் 2:
நரம்பில் எடுக்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும்.