ஜிடி3: 997.1, 997.2, 991 மூன்றில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் எப்படி மாறின?

மூன்றாம்கியர்:

வணக்கம். மூன்று வருடமாக ஒரு சின்ன முன்சக்கர இழுவைக் காரில் ட்ராக் ஓட்டிப் பழகியிருக்கிறேன். அடுத்ததாகப் பழைய போர்ஷே 911 ஜிடி3 ஒன்று வாங்கப் போகிறேன். பார்த்து வைத்திருப்பவை மூன்று (எண்கள் தலைமுறைக் குறியீடுகள்; .1, .2 என்பவை ஒரே தலைமுறையின் முதல், திருத்திய வடிவங்கள்): 2007 மாடல் 997.1, 2010 மாடல் 997.2, 2014 மாடல் 991. மூன்றையும் சாலையில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன்.

என்ஜின் பற்றிப் போதுமான அளவு படித்துவிட்டேன். குழப்பம் ஸ்டீயரிங்கிலும் பிரேக்கிலும்தான். 997 இரண்டிலும் ஸ்டீயரிங் சும்மாவே இருக்கவில்லை. தாரில் ஒட்டுப்போட்ட இடம்கூட விரலில் தெரிந்தது. 991-ல் அந்த நடுக்கம் இல்லை, ஆனால் திருப்பின கையோடு மூக்கு திரும்பிவிடுகிறது. ட்ராக்கில் எனக்கு எது அதிகம் கைகொடுக்கும்? 997.2-ல் பிரேக்கைப் பெரிதாக்கினார்கள் என்கிறார்கள், அது காலில் தெரியுமா? 2014 வண்டியில் செராமிக் டிஸ்க் இருக்கிறது. அதை வாங்கலாமா, விலகிப் போகலாமா?

பின்என்ஜின்:

தம்பி, 997.1 ஆறு வருடம் வைத்திருந்தேன். இப்போது 991 ஓட்டுகிறேன். இரண்டையும் அதே ட்ராக்கில், பெரும்பாலும் அதே வளைவுகளில் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பிரேக்கில் தொடங்குகிறேன், உயிர் அதில்தான் இருக்கிறது. 2006-ல் வந்த 997.1-ல் இரும்பு டிஸ்க் முன்னும் பின்னும் 350 மி.மீ. 2009-ல் வந்த 997.2-ல் முன்னால் 380 ஆக்கினார்கள், பின்னால் 350 அப்படியே. 991-ல் நான்கு சக்கரத்திலும் 380. காகிதத்தில் பார்த்தால் 30 மி.மீ. பெரிய விஷயமாகத் தெரியாது. ஒரே ஒரு தடவை அழுத்தி நிறுத்திப் பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் அப்போது எல்லை டயரின் பிடிதான். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) துடிக்கும் அளவுக்கு அழுத்த 350 டிஸ்க்கே தாராளம். வித்தியாசம் எட்டாவது, பத்தாவது லேப்பில் வரும். பெரிய டிஸ்க்கில் இரும்பு அதிகம், சூட்டை வாங்கிக்கொள்ள இடம் அதிகம். என் 997.1-ல் ஆறு லேப் முழு வேகத்தில் போனால் ஏழாவதைக் குளிர்விக்க விட்டே ஆகவேண்டும். 991-ல் பிரேக்குக்கு முன்னால் நான் களைத்துப் போகிறேன்.

இந்த இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 997.1 வாங்கிய முதல் வருடம், பிரேக் ஆயில் மாற்றியாயிற்று என்று ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி ட்ராக்கில் இறங்கினேன். ஐந்தாவது லேப், நீண்ட நேர்பாதையின் கடைசியில் காலை வைக்கிறேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. காலை எடுத்து இரண்டு தடவை பம்ப் செய்த பிறகுதான் பிடித்தது. வளைவைத் தாண்டிப் புல்லில் இறங்கி நின்றேன். பிறகு திறந்து பார்த்தால் ஆயில் கறுத்த டீ நிறத்தில் இருந்தது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். எந்த வருட வண்டி, எவ்வளவு பெரிய டிஸ்க் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) சூடேறிவிட்டது என்று அர்த்தம். பெடலே உள்ளே போனால் ஆயில். இந்த இரண்டையும் காலால் பிரித்துச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

இனி ஸ்டீயரிங். 997 இரண்டிலும் ஹைட்ராலிக், அதாவது திருப்ப உதவுவது பம்ப் தரும் ஆயில் அழுத்தம். 991-ல் மின் மோட்டார் வந்தது, கூடவே பின்சக்கரத் திருப்பமும் வந்தது. இதைச் சேர்த்துப் பார்க்காமல் ஸ்டீயரிங்கை மட்டும் ஒப்பிடுவது சரியல்ல என்பது என் கருத்து. மணிக்கு 50 கி.மீ.க்குக் கீழே பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும், 80-க்கு மேலே அதே பக்கம். அதிகபட்சம் 1.5 டிகிரிதான். ஆனால் வேகமான வளைவுக்குள் பிரேக்கோடு நுழையும்போது பின்பக்கம் அமைதியாக உட்கார்ந்திருப்பதை இடுப்பில் உணரலாம். சக்கர இடைவெளியும் 997-ஐ விட சுமார் 10 செ.மீ. கூடுதல். 997.1-ல் அதே இடத்தில் வண்டியின் வால் லேசாக அசையும். அதைத் தாங்கிப் பிடிக்கக் கை எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

"உணர்வு" என்று எல்லாரும் சொல்வதில் ட்ராக்கில் உதவுவது ஒன்றே ஒன்று. நீண்ட வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப கனம் ஏறும். முன்டயரின் பிடி உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே அந்தக் கனம் குறைய ஆரம்பிக்கும். டயர் விடப்போகிறது என்ற முன்னறிவிப்பு அதுதான். 997-ல் அது உள்ளங்கையில் தெளிவாக வரும், கூடவே தாரின் ஒட்டு, கல், மேடு எல்லாமும் வரும். 991-ல் ஒட்டும் கல்லும் வடிகட்டப்பட்டுவிடும், கனம் குறைவது மட்டும் வரும், மெல்லிய குரலில். முதல் ஆறு மாதம் எனக்கு அது கேட்கவே இல்லை. பிடியைத் தளர்த்தி, விரல் நுனியில் பிடித்து ஓட்டத் தொடங்கிய பிறகுதான் பிடிபட்டது.

உங்களுக்கு என் பரிந்துரை 997.2. ஹைட்ராலிக் ஸ்டீயரிங், 380 முன் டிஸ்க் இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஜிடி3-யில் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு (வண்டி சறுக்கினால் தானே பிரேக் போட்டு நேராக்கும் அமைப்பு) முதலில் வந்தது 997.2-ல்தான். 997.1-ல் சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் கட்டுப்பாடு மட்டும். முன்சக்கர இழுவையில் பழகிய கால் வளைவின் நடுவே பயத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிடும். என்ஜின் பின்னால் இருக்கும் வண்டியில் அப்படி விட்டால் பின்பக்கம் முன்னால் வந்து நிற்கும். அந்தப் பழக்கம் போகும்வரை ஒரு காவல் இருக்கட்டும்.

சூட்டுடிஸ்க்:

வண்டியில் வேலை பார்க்கிறவன் என்ற பக்கத்திலிருந்து பேசுகிறேன், பின்என்ஜின் அண்ணா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். செராமிக் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

செராமிக் டிஸ்க் இரும்பில் கிட்டத்தட்ட பாதி எடை. அந்த எடை சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வது, ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. அதனால் குறைந்தால் திருப்புவதிலேயே தெரியும். ஆனால் இரும்பு டிஸ்க்கைப் போல தடிமனை அளந்து இதன் ஆயுளைச் சொல்ல முடியாது. அதிகச் சூட்டில் உள்ளிருக்கும் கார்பன் எரிந்து போகும், தடிமன் அப்படியே இருக்கும், எடை குறையும். ஆகவே கழற்றி எடை போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். சக்கரம் கழற்றும்போது ரிம் ஒரு இடி இடித்தாலே விளிம்பு சிதறும், விளிம்பையும் சுற்றிப் பாருங்கள். மாதம் இரண்டு தடவை ட்ராக் போகிறவருக்கு நான் இரும்பைத்தான் சொல்வேன்.

இரும்பிலும் ஒன்று பார்க்க வேண்டும். துளைகளைச் சுற்றி முடி மாதிரி வெடிப்பு வருவது சகஜம். ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு ஓடினாலோ, விளிம்பைத் தொட்டாலோ டிஸ்க் முடிந்தது. வெறும் கண்ணில் தப்பிவிடும், நகத்தை மெதுவாக ஓட்டினால் மாட்டும்.

997.2-லிருந்து சக்கரத்துக்கு நடுவில் ஒரே நட்டு. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தப் பிடிக்க, இன்னொருவர் நீளக் கம்பியோடு முறுக்க வேண்டும். 991-ல் 600 நியூட்டன் மீட்டர். தனியாகச் செய்யும் வேலை இல்லை, ட்ராக்கில் பேட் மாற்றும் நாளில் இது நினைவிருக்கட்டும்.

இரட்டைவிஷ்போன்:

கேள்வியில் இல்லாதது, இருந்தாலும் சொல்கிறேன். நண்பருடைய 992 (991-க்கு அடுத்த தலைமுறை) ஜிடி3-யை இரண்டு தடவை ஓட்டினேன். 2021-ல் வந்த அதில் முன்பக்கம் ஸ்ட்ரட் (டேம்பர் என்ற அதிர்வு தணிப்பானே சக்கரத்தைத் தாங்கும் தூணாகவும் இருக்கும் அமைப்பு) இல்லை, இரட்டை விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு). முன் டிஸ்க் 408. ஸ்ட்ரட்டில் வளைவின் பக்கவாட்டு விசையை டேம்பரே தாங்குகிறது. விஷ்போனில் அந்தச் சுமை டேம்பரை விட்டு விலகிவிடுவதால் அது தன் வேலையை மட்டும் பார்க்கிறது. மின் ஸ்டீயரிங்தான், ஆனால் அது தரும் நம்பிக்கையைப் பார்த்த பிறகு, ஹைட்ராலிக் போனதே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற என் பழைய வாதத்தை விட்டுவிட்டேன்.

மூன்றாம்கியர்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை 997.2-ஐ மறுபடி பார்க்கப் போகிறேன். இரும்பு டிஸ்க்தான் என்று உறுதி செய்துகொண்டேன். இந்தத் தடவை சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

பின்என்ஜின்:

இரண்டு விஷயம், தம்பி. நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பிக் காது கொடுங்கள், பம்ப் முனகினால் ஹைட்ராலிக் ஆயில் ட்ராக் சூட்டில் வெந்திருக்கலாம். அப்புறம் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களின் அளவு) தாளைக் கேளுங்கள். முன் கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத வண்டியில் ஸ்டீயரிங் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். வாங்கினால் முதல் ட்ராக் நாளுக்கு முன்பு பிரேக் ஆயிலை உங்கள் கண்ணெதிரே மாற்றச் சொல்லுங்கள்.