புதுப்பிப்பு: பேக்கரிப் படிப்புக்கு உதவித்தொகை

மார்த்தாண்டத்தில் பேக்கரி வேலை பார்க்கும் என் சித்தி மகள் அந்தத் தொழிலை முறையாகப் படிக்க உதவித்தொகை உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பொங்கிய மாவை விரலால் அழுத்தியே பதம் சொல்லிவிடுவாள். சான்றிதழ் இல்லாததால் சம்பளம்தான் உயரவில்லை.

இப்போது வழி பிறந்திருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், பட்டயப் படிப்பிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால் தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சிக்கு இந்தப் பணம் வராது. சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் இலவசத் திறன் பயிற்சிக்குத் தாட்கோ என்ற அரசுக் கழகத்தை அணுகலாம்.

வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பை முடித்துவிட்டோம். அடுத்த சேர்க்கையில் அவள் கட்டாயம் விண்ணப்பிக்கிறாள்.