மான்ட்ரியல்ல பிரெஞ்ச் தாய்மொழிக்காரங்க எந்த ஏரியால அதிகம்?

கேள்வி:
அடுத்த மாசம் மான்ட்ரியல் வரோம், பையன் தெருவுல விளையாடும்போதே பிரெஞ்ச் பழகணும்னு ஆசை, அங்கேயே பிறந்து வளர்ந்த பிரெஞ்ச்காரங்க எந்தப் பக்கம் அதிகம்?

பதில் 1:
சென்-லோரன் தெருவைக் கோடா வச்சுக்கோங்க, கிழக்கே பிரெஞ்ச் மேற்கே இங்கிலீஷ்னு பழைய கணக்கு, இன்னைக்கும் ஓரளவு சரிதான். கிழக்குப் பக்கம் ரோஸ்மோன், ஒஷலாகா ஏரியா பாருங்க.

பதில் 2:
தம்பி, நாங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில கனகாலம் இருந்தனாங்கள், அங்க தமிழ், பஞ்சாபி, கிரேக்கம் எல்லாம் கேக்கும், பிரெஞ்ச் அயலவை குறைவு. மான்ட்ரியல் தீவுக்கு வெளியில ரெப்பான்தினி, டெரபோன் பக்கம் போனா கடைதெரு முழுக்கப் பிரெஞ்ச்தான். பள்ளிக்கூடத்துக்கு யோசிக்காதேங்கோ, கியூபெக் மாகாணத்தின்ர 1977 மொழிச் சட்டத்தால குடியேறி வாற பிள்ளையள் பெரும்பாலும் பிரெஞ்சிலதான் படிக்கினம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா, மெட்ரோ பக்கத்துல வேணும், அதனால முதல்ல ரோஸ்மோன்ல வீடு தேடுறோம்.