கால் வலி முதுகுக்கு ஏறினால் நல்ல செய்தி: சியாட்டிகாவும் பிசியோவும், எங்கள் அனுபவங்கள்

தும்மினால் காலில் வலிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், போன வருடம் வரை நான் சிரித்திருப்பேன். ஒரு பீரோவை நகர்த்தினேன், அவ்வளவுதான். அன்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் காலையில் இடது பிட்டத்தில் யாரோ விரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. நான்காம் நாள் அது தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்காலுக்கு இறங்கி, பாதத்தின் வெளி ஓரம் வழியாகச் சுண்டுவிரலில் போய் நின்றது. உட்கார்ந்தால் 10 நிமிடம் தாங்காது. தும்மினால் இடுப்பிலிருந்து குதிகால் வரை கரண்ட் அடிக்கும். முதுகில் மட்டும் வலியே இல்லை. அதனால் கால் சுளுக்கு என்று முடிவுகட்டி, ஒரு வாரம் கெண்டைக்காலில் களிம்பு தேய்த்துக்கொண்டிருந்த அறிவாளி நான். உண்மையில் அது சியாட்டிகா: இடுப்பிலிருந்து பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்கும் பெரிய நரம்பின் வழியே ஓடும் வலி.

அப்புறம் 11 நாள் படுத்தே கிடந்தேன். படுத்தால் சுகம், எழுந்தால் முன்பைவிட மோசம். ஸ்கேனில் முதுகெலும்பின் அடியில் எல்-5, எஸ்-1 என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி இடது நரம்பு வேரை அழுத்துகிறது என்று வந்தது. அந்த அறிக்கையை ராத்திரி முழுக்கப் படித்தேன். படிக்கப் படிக்க வலி கூடியது.

பிசியோவிடம் போன அன்று ஸ்கேன் உறையைத்தான் முதலில் நீட்டினேன். அந்த அம்மா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மனித உருவப் படத்தைக் கொடுத்து, வலிக்கும் இடத்தையெல்லாம் பேனாவால் நிரப்பச் சொன்னார். குதிகாலில் நடக்கச் சொன்னார், நடந்தேன். ஒற்றைக் காலின் முன்பாதத்தில் ஏறி இறங்கச் சொன்னார். வலது காலில் சுலபம். இடதில் மூன்றாவது முறைக்கே குதிகால் எழும்பவில்லை. வலியால் அல்ல, பலம் இல்லாமல். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரில் சின்னச் சுத்தியலால் தட்டினார். வலது பாதம் துள்ளியது, இடது சும்மா இருந்தது. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை மடக்காமல் தூக்கினார், 35 டிகிரியிலேயே அலறிவிட்டேன். இது எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்கேனை எடுத்தார். "நீங்கள் காட்டியதும் இது காட்டுவதும் ஒத்துப்போகிறது" என்றார்.

பிறகு குப்புறப் படுக்கச் சொன்னார். 5 நிமிடம் சும்மா படுத்திருந்தேன். அடுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கினேன். அதற்கடுத்து, உள்ளங்கையை ஊன்றி இடுப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு மேலே எழும்பி இறங்குவது. 10 முறை முடிந்ததும் ஒரே கேள்வி: "இப்போது வலி எங்கே?" சுண்டுவிரலில் இல்லை. மறுபடி 10. "இப்போது?" கெண்டைக்காலில் லேசாக இருந்தது. மூன்றாவது சுற்றில் கெண்டைக்காலும் விட்டது, ஆனால் இத்தனை நாள் வலிக்காத நடு இடுப்பு நன்றாக வலித்தது. போச்சு, முதுகையும் கெடுத்துக்கொண்டோம் என்று பதறினேன். அவருக்கோ ஒரே மகிழ்ச்சி. "வலி எவ்வளவு என்று பார்க்காதீர்கள், எங்கே என்று பாருங்கள். காலை விட்டு முதுகுக்கு ஏறினால் அந்த அசைவு உங்களுக்கானது. முதுகை விட்டுக் காலுக்கு இறங்கினால் அதை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்."

இதைக் கண்டுகொண்ட கதையையும் அவர்தான் சொன்னார். நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோ, 1956இல் காலில் வலி இறங்கிய ஒரு நோயாளியைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் அந்த ஆள் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்து கிடந்தது. திரும்பி வந்து பார்த்த மெக்கன்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அந்த நோயாளியோ, பல வாரங்களில் முதல் தடவையாகக் கால் வலி இல்லை என்றாராம்.

வீட்டுப்பாடம்: 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 தடவை. அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரக் கூடாது, உட்காரும்போது இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டு. காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியக் கூடாது. ராத்திரி முழுக்க ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பியிருக்குமாம், அப்போது குனிந்தால் அதன் மேல் அழுத்தம் கூடுதல்.

3 வாரத்தில் கெண்டைக்கால் வலி பெரும்பாலும் போய்விட்டது. ஆறாவது வாரம் நரம்பை வழுக்க விடும் பயிற்சி ஆரம்பித்தது. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டும்போது தலையை மேலே தூக்க வேண்டும், மடக்கும்போது தலையைக் குனிய வேண்டும். ஒரு முனை இழுபடும்போது மறுமுனை தளர்கிறது, நரம்பு நடுவில் வழுக்கிக்கொண்டு போகிறது. நான் என்ன செய்தேன்? சீக்கிரம் குணமாகட்டும் என்று இரண்டு முனையையும் சேர்த்து இழுத்தேன். 2 நாள் பாதம் மரத்துப்போய்க் கிடந்தேன். எரிச்சலில் இருக்கும் நரம்பு தசை போல இல்லை, இழுக்க இழுக்க அது முறைக்கும். பத்தாவது வாரத்துக்குப் பிறகு பலப்படுத்தும் பயிற்சிகள் வந்தன: கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி நின்று எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது, பக்கவாட்டில் முழங்கையூன்றி நிற்பது, மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்குவது. இடது காலின் முன்பாதத்தில் 20 முறை ஏறி இறங்க 5 மாதம் ஆனது. வலி முதலில் போனது, பலம் பின்னால் வந்தது. சுண்டுவிரல் மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கிறது.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

*

தம்பி, உன் மருந்து எனக்கு விஷம். கோபிக்காதே, நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு 67 வயது. உட்கார்ந்தால் எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. 5 நிமிடம் நடந்தால் இரண்டு காலும் கனத்து, பின்தொடை எரிந்து, எங்கேயாவது உட்கார்ந்தே ஆக வேண்டும். தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி நடந்தால் மட்டும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவேன். என் மகள் ஃபோனில் ஒரு காணொளியைக் காட்டினாள், நீ சொன்ன அதே குப்புறப் படுத்து எழும்பும் பயிற்சிதான். 4 நாள் செய்தேன். ஐந்தாம் நாள் நிற்கவே முடியவில்லை.

பிசியோ பையன் என் நடையைப் பார்த்தே சொல்லிவிட்டான். எனக்கு ஜவ்வுப் பிதுக்கம் இல்லை, வயதாகி நரம்பு போகும் குழாயே குறுகிவிட்டது. பின்னால் வளைந்தால் குழாய் இன்னும் குறுகும், முன்னால் குனிந்தால் விரியும். அதனால் எனக்குக் கொடுத்ததெல்லாம் குனியும் பக்கம்தான்: மல்லாக்கப் படுத்து இரண்டு முழங்காலையும் நெஞ்சுக்கு இழுப்பது, நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தரைக்குக் கொண்டுபோவது, நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள். நடக்கும்போது கால் கனப்பதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும் என்பது கட்டளை. 5 நிமிடம் இப்போது 20 ஆகியிருக்கிறது. ஒரே பெயர் கொண்ட வலி, எதிரெதிர் வைத்தியம். காணொளிக்கு இது எப்படித் தெரியும்?

*

அக்கா, நீங்கள் சொன்னது சரி. நான் எழுதியதைப் பார்த்து யாரும் அப்படியே இறங்கிவிடாதீர்கள்.

*

எனக்கு வளைவதும் குனிவதும், இரண்டு பக்கப் பயிற்சியும் கிடைக்கவில்லை. 4 மாதம் ஒரு மையத்துக்குப் போனேன். போனதும் சூட்டு ஒத்தடம், அப்புறம் இடுப்பில் ஒட்டி கரண்ட், பிறகு பெல்ட்டைக் கட்டி மெஷினில் இழுப்பது. 20 முறை. ஒரு தடவைகூட யாரும் "வலி எங்கே" என்று கேட்கவில்லை. கடைசியில் எல்லாருக்கும் கொடுக்கும் படம் போட்ட தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒத்தடம் வைத்த ஒரு மணி நேரம் சுகமாக இருந்ததை மறுக்கவில்லை. வீடு வந்து சேர்ந்ததும் பழைய கதைதான்.

*

மேலே எழுதியவருக்கு: நான் 14 வருடமாகப் பிசியோவாக வேலை செய்கிறேன், உங்கள் எரிச்சல் நியாயமானது. மெஷின் இல்லாவிட்டால் "ஒன்றுமே செய்யவில்லையே" என்று கேட்கும் நோயாளிகளும் நிறைய என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, சியாட்டிகாவுக்கு இழுவை சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், நரம்புக்குக் கரண்ட் கொடுக்கும் டென்ஸ் ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள் என்றே சொல்கிறது. உடற்பயிற்சியைத்தான் முன்னால் வைக்கிறது.

எங்கள் தொழிலின் பெரிய பொய் "ஜவ்வை உள்ளே தள்ளிவிட்டோம்" என்பது. யாராலும் தள்ள முடியாது. பிதுங்கி வெளியே வந்த பகுதியை உடலே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்கிறது, அதிலும் பெரிதாகப் பிதுங்கியவை நன்றாகச் சுருங்குவது உண்டு. அந்த மாதங்களில் நரம்பைச் சீண்டாத திசையைக் கண்டுபிடித்து, ஆளை நடமாட வைத்து, தசை வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. படுக்கையிலேயே கிடப்பதால் லாபமில்லை என்பது 1999இல் நெதர்லாந்தில் 183 பேரை வைத்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. 2 வாரம் படுக்கவைத்தவர்களும் நடமாடியவர்களும் 12 வாரத்தில் ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள், இரண்டு பக்கமும் 87 சதவீதம்.

ஸ்கேனைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு ஒன்று. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று உண்டு. 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு உப்பியிருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்காது. படமும் பரிசோதனையும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி.

ஆனால் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் கசிவது, மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் பிசியோவிடம் வராதீர்கள், அதே மணி நேரத்தில் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

*

நான் ஓட்டுநர். என் கதை சின்னது. வலது பிட்டத்தில் ஆழமாக வலி, தொடை வரை இறங்கும், பாதத்துக்கு வராது. ஸ்கேனில் ஜவ்வு நன்றாகவே இருந்தது. பிசியோ என் பின்பாக்கெட்டைக் காட்டி "இது என்ன" என்றார். பர்ஸ். பழைய ரசீதெல்லாம் திணித்து ஒரு செங்கல் போல இருக்கும். 9 வருடம் அதன் மேல் உட்கார்ந்து வண்டி ஓட்டியிருக்கிறேன். பிட்டத்துக்குள் பிரிஃபார்மிஸ் என்று ஒரு தசை, விரல் தடிமனுள்ள அந்த நரம்பு அதன் அடியில்தான் போகிறதாம். மல்லாக்கப் படுத்து, வலது கணுக்காலை இடது முழங்கால் மேல் போட்டு, இடது தொடையை நெஞ்சுக்கு இழுப்பது. 30 விநாடி, 3 முறை. கூடவே இடுப்பின் பக்கத் தசைக்குப் பலம் ஏற்றும் பயிற்சி. 2 மாதத்தில் சரியானது. நடுவில் டென்னிஸ் பந்தை வைத்து அதன் மேல் உட்கார்ந்து உருட்டினேன், நரம்பையே நசுக்கிவிட்டேன் போல, 3 நாள் நொண்டினேன். அதைச் செய்யாதீர்கள்.

*

எனக்குப் பிசியோவால் குணமாகவில்லை. ஆனாலும் என் காலைக் காப்பாற்றியது ஒரு பிசியோதான்.

6 வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தேன். வலிகூடக் குறைந்தது. அந்தச் சமயத்தில் இடது செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. படியில் கட்டைவிரல் இடிக்கும். வலி குறைந்த சந்தோஷத்தில் இதைச் சொல்லவே தோன்றவில்லை. அன்று பிசியோ வழக்கம்போலக் குதிகாலில் நடக்கச் சொன்னார், பாதம் தூக்கவில்லை. நான் தூக்கிப் பிடிக்கப் பார்த்த கட்டைவிரலை அவர் ஒற்றை விரலால் கீழே அழுத்திவிட்டார். உடனே பயிற்சியை நிறுத்தி, அறுவை மருத்துவருக்குக் கடிதம் எழுதி அன்றே அனுப்பினார். நரம்பு செத்துக்கொண்டிருந்தாலும் வலி குறையும் என்று அப்போதுதான் தெரிந்தது. அழுத்தப்பட்டது எல்-5 நரம்பு வேர். 3 நாளில் அறுவை. பாதம் திரும்ப முழுதாகத் தூக்க 7 மாதம் ஆனது, அந்த 7 மாதமும் அதே பிசியோவிடம்தான்.

கால் பலமாக இருந்து, வலி மட்டும்தான் பிரச்சினை என்றால் கணக்கு வேறு. என் மருத்துவர் 2007இல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னார். 6 முதல் 12 வாரம் கடும் சியாட்டிகாவில் இருந்த 283 பேர். சீக்கிரம் அறுவை செய்துகொண்ட குழுவுக்கு வலி வேகமாகக் குறைந்தது. காத்திருந்த குழுவில் 39 சதவீதம் பேர் இடையில் அறுவைக்குப் போனார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுக்க முடிந்தவர் பொறுக்கலாம், முடியாதவர் வெட்டிக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. "அறுவை செய்தால் முடம்" என்று பயமுறுத்துகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

*

தம்பி, எல்லாம் சரி. அந்தத் தும்மலுக்கு மட்டும் என்ன செய்தாய்? பக்கத்து வீட்டுப் பெண் உன் மாதிரிதான் துடிக்கிறாள்.

*

அக்கா, குனிந்து தும்மக் கூடாது. வருகிறது என்று தெரிந்ததும் எழுந்து நின்று, ஒரு கையைச் சுவரிலோ மேசையிலோ ஊன்றி, முழங்காலை லேசாகத் தளர்த்தி, முதுகை நிமிர்த்தியபடியே தும்மச் சொல்லுங்கள். மூக்கைப் பொத்தி அடக்கினால் வயிற்றில் அழுத்தம் ஏறி இன்னும் சுள்ளென்று இழுக்கும். அப்படியே குதிகாலில் நாலு அடி நடக்க முடிகிறதா, செருப்பு கழல்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.