ஜெர்மேன் ஏன் வீழ்ந்தார்?

கேள்வி: வெள்ளிப் பட்டறையில் வளர்ந்தவன் நான். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் வெள்ளிக் கொல்லர் பிரான்சுவா-தோமா ஜெர்மேன், 1748இல் தந்தைக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர். லூவர் அரண்மனையிலேயே பட்டறை! அப்படிப்பட்டவர் 1765இல் திவாலானது எப்படி?

பதில்: வேலைக்குப் பஞ்சமில்லை. 1755 நிலநடுக்கம் லிஸ்பன் அரண்மனையை அழித்தபின், போர்ச்சுகல் மன்னர் விருந்துப் பாத்திரங்களை அவரிடமே செய்யச் சொன்னார். ரஷ்ய அரசவையும் கேட்டது. ஆனால் கடன் பெருகியது. பணமுதலைகளுடன் கூட்டுச் சேர்ந்தது விதிமீறல். பதவியும் லூவர் இடமும் பறிபோயின.

பதில்: பிரான்சில் பழைய வெள்ளியில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது. அவர் கைவண்ணத்தை இன்று லிஸ்பன் அருங்காட்சியகத்தில் காணலாம்.

கேட்டவர்: உருக்கினார்கள் என்று படித்ததும் நெஞ்சு வலிக்கிறது. ஒரு பூவிதழைச் செதுக்கவே எனக்கு அரைநாள் ஆகும். அவர் 1791வரை வாழ்ந்தாராம். பதவியின்றி 26 ஆண்டுகள்.