கையால் முடிச்சுப் போட்ட சுங்குடிப் புடவை: ஆன்லைனில் விற்க எங்கே ஆரம்பிப்பது?

மகால் தெரு மருமகள் கேட்டது:

வணக்கம். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் மாமியார் சிறு வயதிலிருந்தே சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர். இன்றும் மத்தியானச் சமையல் முடிந்ததும் துணியை மடியில் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்துவிடுவார். துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போய்க்கொண்டே இருப்பார். சாயத்தில் தோய்த்துப் பிரித்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளியாக நிற்கும், அதுதான் சுங்குடி. ஒரு புடவைக்கே ஆயிரக்கணக்கில் முடிச்சு. ஆனால் கடைக்காரர் எங்களுக்குக் கொடுக்கும் விலைக்கும், அதே புடவையை அவர் விற்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை.

நாங்களே நேரடியாக விற்கலாம் என்று நினைக்கிறேன். அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ, இன்ஸ்டாகிராம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஜிஎஸ்டி கட்டாயமா? புடவை திரும்பி வந்தால் செலவு யார் தலையில் விழும்? யுபிஐயில் ஏமாற்றுகிறார்கள் என்று பயமுறுத்துகிறார்களே, அது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பவானி ஜமக்காளம் எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் பவானியிலிருந்து ஜமக்காளம் அனுப்புகிறவன். தளம் எது என்பதைக் கடைசியில் பார்க்கலாம், முதலில் படத்தைக் கவனியுங்கள். சுங்குடி என்று ஆன்லைனில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் மெழுகு அச்சில் புள்ளி வைத்தவைதான் வரும். அதில் தவறில்லை, அதுவும் ஒரு தொழில். ஆனால் போன் திரையில் அதுவும் உங்கள் புடவையும் ஒரே மாதிரிதான் தெரியும். அப்புறம் வாங்குபவர் விலை குறைந்ததைத்தானே எடுப்பார்?

அதனால் புடவையை முழுதாக விரித்து ஒரு படம் எடுத்தால் போதாது. முடிச்சுப் பிரித்த இடத்தில் துணி சுருங்கி மேடு தட்டி நிற்கும் பாருங்கள், அதை மிக நெருக்கத்தில் எடுங்கள். வெயில் நேராக விழாத காலை வெளிச்சத்தில், ஃபில்டர் எதுவும் போடாமல் எடுக்க வேண்டும். ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. அந்த வித்தியாசம் படத்தில் தெரிய வேண்டும். பாதி முடிச்சுப் பிரித்த நிலையில் ஒரு படம், அம்மாவின் விரல்கள் முடிச்சுப் போடும் சின்ன வீடியோ ஒன்று. இவ்வளவும் இருந்தால் விலையைப் பற்றி நீங்கள் வாதாடவே வேண்டியதில்லை. புடவை திரும்பி வருவதற்குப் பெரிய காரணமே நிறம்தான். படத்தில் மாம்பழ மஞ்சளாகத் தெரிந்தது கையில் வேறு மஞ்சளாக இருந்தால் திருப்பத்தான் செய்வார்கள்.

இப்போது கணக்கு. உதாரணத்துக்கு ஒரு புடவையை அனுப்ப 80 ரூபாய் என்று வையுங்கள். வீட்டில் வாங்கிக்கொண்டு பணம் தரும் முறையில் 10 புடவை போகிறது, 2 திரும்பி வருகிறது. போக 800, வர 160, மொத்தம் 960. விற்றது 8தான். ஆக, விற்ற ஒவ்வொரு புடவையும் 120 ரூபாய் சுமக்கிறது. தளத்தின் கமிஷன் இதற்கு மேல். விலை வைக்கும்போதே இதைச் சேர்க்காவிட்டால் அம்மாவின் உழைப்பிலிருந்துதான் அது போகும்.

பேக்கிங்கும் முக்கியம். பல கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து, அதுவும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்குக் காசு வாங்குகிறார்கள். மூன்று கிலோ ஜமக்காளத்தை 50, 40, 20 அளவுள்ள பெட்டியில் போட்டால் எட்டுக் கிலோவுக்குக் கட்ட வேண்டும்! இறுக்கிச் சுருட்டி உறையில் தைத்து அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். உங்களுக்கு அட்டைப்பெட்டியே வேண்டாம். தண்ணீர் புகாத உறை போதும். ஐப்பசி மழையில் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையும் சேர்த்துப் போடுங்கள்.

ஜிஎஸ்டி பற்றி: 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள் இருப்பவர்கள், தமிழ்நாட்டில் பொருட்களுக்கு 40 லட்சம், ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே தளங்கள் வழியாகச் சொந்த மாநிலத்துக்குள் விற்கலாம். ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். அதை ஏற்கும் தளமா என்று முதலில் பாருங்கள். அதே தளத்தின் வழியே பெங்களூருக்கு ஒரே ஒரு புடவை அனுப்புவதென்றாலும் முறையான பதிவு வேண்டும்.

இன்னொன்று. மதுரை சுங்குடிக்கு 2005லேயே புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசு அங்கீகாரம், கிடைத்துவிட்டது. அந்த முத்திரையை உங்கள் பக்கத்தில் போடுவதானால் அங்கீகாரம் பெற்ற பயன்பாட்டாளராகப் பதிந்துகொள்ளுங்கள். கைத்தொழில்காரர்களுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு அது, விட்டுவிடாதீர்கள்.

ஈரோட்டுக் கணக்கர் எழுதியது:

யுபிஐ பற்றி மட்டும் சொல்கிறேன். பணம் வாங்குவதற்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் எண் போடவும் வேண்டாம். "ஸ்கேன் பண்ணுங்க, உங்க அக்கவுன்டுக்குப் பணம் வரும்" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போட்டுவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். அதை நம்பிப் புடவையைக் கட்டாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து வரவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். "கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பிப் போடுங்கள்" என்றாலும் அதேதான். மீறிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

கோவை வாசகி எழுதியது:

நான் வாங்குகிற பக்கம். விற்பவர் பெயரும் முகவரியும் இல்லாத பக்கத்தில் முன்பணம் கட்டவே மாட்டேன். இந்த விவரங்களை வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகளே சொல்கின்றன. குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப வாங்க மறுக்கவும் கூடாது. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்யலாம். பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி நிறுத்தாமல் வீடியோ எடுத்துவிடுவேன். நீங்களும் புடவையை மடித்து உறையில் போடுவதை வீடியோ எடுத்து வையுங்கள் அக்கா, இருவருக்கும் நல்லது. உங்கள் பக்கம் தொடங்கியதும் இங்கே சொல்லுங்கள், எனக்கு அரக்குச் சிவப்பில் ஒன்று வேண்டும்.

மகால் தெரு மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. முடிச்சைப் பிரிக்கும் படம் நாளைக் காலையே எடுக்கிறேன். ஒரு சந்தேகம் அண்ணா: அடர்ந்த நிறங்களில் முதல் துவைப்பில் கொஞ்சம் சாயம் இறங்கும். அதை எழுதினால் வாங்க யோசிப்பார்களோ?

பவானி ஜமக்காளம்:

தயங்காமல் எழுதுங்கள். எந்த நிறத்தில் இறங்கும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, குளிர்ந்த நீரில் அலச வேண்டும், ஊற வைக்கக் கூடாது, நிழலில் உலர்த்த வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சீட்டு அடித்து ஒவ்வொரு புடவை மடிப்புக்குள்ளும் வைத்துவிடுங்கள். முதலில் தமிழ்நாட்டுக்குள் மட்டும், முன்பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் அனுப்பிப் பழகுங்கள். அம்மாவால் மாதத்துக்கு எத்தனை புடவை முடியுமோ, அதற்கு மேல் ஆர்டர் எடுக்காதீர்கள்.